எந்தக் காலத்தின் வயது?

"உங்களுக்கு வயது என்ன?" என்ற கேள்வியைப் போல இலகுவான கேள்வி வேறில்லை என்றே நாம் எண்ணுகிறோம். நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் விடை வந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. ஆனால் இந்தக் கழித்தலுக்கு அடியில் காலத்தைப் பற்றிய பெரியதொரு நம்பிக்கை இருக்கிறது. ஓர் ஆண்டும் இன்னோர் ஆண்டும் ஒரே அளவானவை. எவர் மீதும் அவை ஒரே வேகத்திலேயே செல்கின்றன. இடையில் என்ன நேர்ந்தாலும் அந்த ஓட்டம் மாறுவதில்லை என்பதே அந்த நம்பிக்கை. வெளியிலுள்ள எதனோடும் தொடர்பின்றித் தன்பாட்டில் சீராக ஓடும் காலம் என்று நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் இதனை வரையறுத்தார். கோள்களின் இயக்கத்தைக் கணிக்க அது பெரிதும் உதவியது. மனித வாழ்வை அளப்பதற்கும் அதே கோலை எடுத்தபோதுதான் சிக்கல்கள் தோன்றின. முதுமையைப் பற்றிய ஆய்வுகளிலும், முதியோருக்கான சட்டங்களிலும், வீட்டில் மூத்தோரை நாம் நடத்தும் விதத்திலும் இந்தக் கோல் இருக்கிறது. அது சரியாக எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய விடயம்.

வன்னிக் கிராமமொன்றில் எண்பதை நெருங்கும் ஒருவரிடம் வயதைக் கேட்டால் எண் உடனே வராது. "அறுபத்து நாலு சூறாவளிக்கு நான் மாடு மேய்க்கிற பொடியன்" என்பார். முதற்பிள்ளை பிறந்தது சிறிமா காலத்தில், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்தபோது. இரண்டாவது பிள்ளை எண்பத்து மூன்று கலவரத்துக்கு முந்திய காலபோகத்தில். வாப்பா மௌத்தானது இந்திய ஆமி இருந்தபோது. ஊரை விட்டது தொண்ணூறு ஒக்ரோபரில். இதை நாகரிகம் அறியாதோரின் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. இந்தக் கணக்கில் ஆண்டுகள் ஒரே அளவாக இல்லை. சில ஆண்டுகள் சொல்லாமலே கடந்துபோகின்றன. சில நாட்களோ ஓர் ஆயுளுக்குச் சமமாக நிற்கின்றன. அவர் தாம் கடந்துவந்த காலத்தை வயதாகச் சொல்கிறார். நாம் கேட்டதோ எத்தனை தடவை பூமி சூரியனைச் சுற்றியது என்பதை.

அரசு அலுவலகத்துக்கு இந்த விடை போதாது. தேசிய அடையாள அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருக்கின்றன. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்படும். ஒரு மனிதரின் பெயர் எத்தனையோ பேருக்கு இருக்கலாம். இந்த இலக்கம் அவருக்கு மட்டும் உரியது. ஆகவே நம்முடைய காலத்தில் மனிதர் முதலில் ஒரு திகதியாகவே பதிவாகிறார். பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்றொன்று உண்டு. அந்தப் பெயரே சிந்திக்க வைப்பது. உத்தேசமாகக் குறிக்கப்பட்ட ஒரு திகதி தாளில் ஏறிய கணம் முதல், அவருக்கு வரும் உரிமைகள் எல்லாம் அந்தத் திகதியைப் பார்த்தே வருகின்றன.

உரிமைகளுக்கான எல்லைகளையும் நோக்குவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் அறுபது வயதைக் கடந்தவரை முதியவர் என்கிறது. வறிய முதியோருக்கான மாதக் கொடுப்பனவோ எழுபதைக் கடந்தவருக்கே வந்தது. அரச ஊழியர் ஓய்வுபெறும் வயது 2022 ஜனவரியில் 65 ஆக உயர்த்தப்பட்டது. பொருளாதாரம் சரிந்த அதே ஆண்டில் அது மறுபடியும் 60 என்றாக்கப்பட்டு, டிசெம்பர் 31ஆம் திகதி பெருந்தொகையானோர் ஒரே நாளில் வீடு சென்றனர். ஜனவரியில் இன்னும் வேலை செய்யத் தகுதியானவராயிருந்த அறுபத்திரண்டு வயதுக்காரர் டிசெம்பரில் ஓய்வுக்குரியவரானார். அந்தப் பன்னிரண்டு மாதங்களில் அவருடைய உடலில் ஐந்து ஆண்டுகள் ஏறிவிடவில்லை. திறைசேரியில்தான் ஏதோ நடந்தது. ஜேர்மனியில் பிஸ்மார்க்கின் காலத்தில், 1889இல், முதுமைக்கால ஓய்வூதியம் 70 வயதுக்கென வகுக்கப்பட்டது; 1916இல் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த 65தான் பின்னர் உலகெங்கும் முதுமையின் இயற்கையான எல்லைபோலப் பேசப்படலாயிற்று.

இதனால் எண்ணே வேண்டாம் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். எண்ணுக்கு ஒரு நீதி உண்டு. ஏழையும் பணக்காரரும், செல்வாக்குள்ளவரும் இல்லாதவரும் எழுபதாவது பிறந்த நாளைக் கடந்தால் போதும். தான் முதியவர் என்று யாரிடமும் கெஞ்சி நிரூபிக்க வேண்டியதில்லை. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்த வன்னி மக்களுள், உறவினரிடம் செல்ல முதலில் அனுமதி பெற்றோரில் அறுபதைக் கடந்தோரும் இருந்தனர். அந்த வேளையில் அறுபது என்ற எண் ஒரு கதவாக இருந்தது. ஓர் அதிகாரியின் மனப்போக்கைவிட ஓர் எண் நம்பத்தக்கது என்பதை எளியோர் நன்கறிவர். ஆகையால் யாருக்கு என்ன கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க எண் தேவைப்படுகிறது. அந்த எண்ணைக் கொண்டே அந்த மனிதரை விளக்கவும் முற்படும்போதுதான் தவறு நேர்கிறது.

முதுமை பற்றிய விஞ்ஞானத்தின் வரலாற்றில் இந்தத் தவறுக்கு நல்லதோர் உதாரணம் இருக்கிறது. ஆரம்பகால ஆய்வாளர்கள் ஒரே நாளில் இருபது வயதினரையும் நாற்பது வயதினரையும் எழுபது வயதினரையும் அழைத்து ஒரே பரீட்சையை வைத்தார்கள். எழுபது வயதினர் குறைவான புள்ளி பெற்றனர். ஆகவே முப்பதுக்குப் பிறகு மனிதரின் அறிவாற்றல் தேய்ந்துகொண்டே செல்கிறது என்று எழுதினார்கள். வோர்னர் ஷாயி என்ற அமெரிக்க உளவியலாளர் 1956இல் சியாற்றில் நகரில் தொடங்கிய ஆய்வு வேறு வழியில் சென்றது. அவர் அதே மனிதர்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவை மறுபடியும் சோதித்தார். அப்போது தெரிந்தது, பெரும்பாலான ஆற்றல்கள் அறுபது வயது வரை குறிப்பிடத்தக்கவாறு குறைவதில்லை என்பது. முன்னைய ஆய்வுகள் முதுமை என்று எழுதிவைத்ததில் பெரும்பங்கு முதுமையே அல்ல. எழுபது வயதினர் குறைந்த பாடசாலைக் கல்வியோடு வளர்ந்த ஒரு தலைமுறையினர். அவர்களுடைய காலத்தின் குறையை அவர்களுடைய மூளையின் குறையாக ஆய்வு வாசித்துவிட்டது.

இந்தக் கண்டுபிடிப்பை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். நீராவிப்பிட்டியிலோ சாளம்பைக்குளத்திலோ வங்கிப் படிவத்தை நிரப்ப முடியாமல் பேரனின் முகத்தைப் பார்க்கும் ஒரு மூத்தம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். "வயது போயிற்று, ஒன்றும் விளங்காது" என்று சொல்லிவிடுகிறோம். இலவசக் கல்வி 1945இல் வந்தது உண்மைதான். ஆனால் அது வன்னியின் உட்கிராமங்களிலிருந்த முஸ்லிம் பெண்பிள்ளைகளை எட்டியதற்கும் அந்த ஆண்டுக்கும் இடையே நெடுந்தூரம் இருந்தது. பருவமடைந்த பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்த வழக்கமும் நம்மிடையே இருந்தது. பதினெட்டு வயதிலும் அவரால் அந்தப் படிவத்தை நிரப்பியிருக்க முடியாது. அவருடைய இயலாமையில் நம் சமூகத்தின் பங்கு இருக்கிறது. அதனை முதுமையின் தலையில் கட்டிவிட்டால் அந்தப் பங்கைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை.

மறதி நோயைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் ஒரு சிறு வினாக்கொத்து 1975இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் மொத்தம் 30 புள்ளிகள். அவற்றுள் பத்துப் புள்ளிகள் காலத்தையும் இடத்தையும் அறிந்திருப்பதற்கு உரியவை. இது எந்த ஆண்டு, எந்தப் பருவம், எந்த மாதம், என்ன திகதி, என்ன கிழமை என்பன காலம் பற்றிய ஐந்து வினாக்கள். வைத்தியருக்கு அவசியமான கருவி அது. அதன் பயனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் வன்னியில் பருவம் என்ன என்று கேட்டால் ஒரு கமக்காரர் காலபோகம், சிறுபோகம் என்பார். மீன்பிடிப்பவர் வாடைக்காற்று என்றோ சோளகம் என்றோ சொல்வார். இன்று என்ன திகதி என்பதற்குப் பிறை எத்தனை என்று சரியாகச் சொல்லும் மூத்தவர் ஆங்கில மாதத் திகதியைத் தவறவிடலாம். கேட்பவர் எந்தக் காலத்தில் நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்தே பதில் சொல்பவர் தெளிவுள்ளவராகவோ தடுமாறுபவராகவோ ஆகிறார்.

நாட்காட்டி போதாது என்பதை உணர்ந்த விஞ்ஞானிகள் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரத்தைத் தேடினார்கள். 2013இல் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் மரபணுப் பொருளில் காலப்போக்கில் ஏற்படும் இரசாயன அடையாளங்களைக் கொண்டு ஒருவரின் வயதைக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டார். ஐம்பது வயதுக்காரரின் உடல் அறுபதின் நிலையில் இருக்கலாம், நாற்பதின் நிலையிலும் இருக்கலாம் என்று இதன் வழியே பேசப்படுகிறது. ஆனால் இந்தக் கடிகாரத்தை ஓடப் பழக்கியது எதைக் கொண்டு? மாதிரி தந்தவர்களின் நாட்காட்டி வயதைக் கொண்டுதான். நாட்காட்டியைத் திருத்த வந்த கருவியும் நாட்காட்டியிடமே பாடம் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கோலை விட்டு வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

முஸ்லிம்களாகிய நமக்கு இந்த விடயம் முற்றிலும் புதியதன்று. இரண்டு நாட்காட்டிகளுக்கு இடையேதான் நாம் வாழ்கிறோம். ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாட்கள். ஆகவே ஆங்கில ஆண்டுக் கணக்கில் அறுபதில் ஓய்வுபெறும் ஒருவர் பிறைக் கணக்கில் அறுபத்திரண்டை நெருங்கிவிட்டவர். நபி (ஸல்) அவர்கள் அறுபத்து மூன்று வயதில் மறைந்தார்கள் என்று நாம் சொல்வதும் பிறைக் கணக்கே. சூரியக் கணக்கில் அது ஏறக்குறைய அறுபத்தொன்று. நோன்பு ஒருமுறை மாரியில் வருகிறது, பின்னொருமுறை கோடையில் வருகிறது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். அப்படி இரண்டு சுற்றுகளைக் கண்டவர் நம்மிடையே முதியவர்.

குர்ஆனில் காலமும் முதுமையும் சந்திக்கும் இடங்கள் பல. சூரா அல்பகராவில், பாழடைந்த ஓர் ஊரைக் கடந்து சென்ற ஒருவரின் வரலாறு வருகிறது. அவருடைய பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. உஸைர் என்பர் விரிவுரையாளர் பலர். இறைவன் அவரை நூறு ஆண்டுகள் மரணிக்கச் செய்து எழுப்புகிறான். தாம் தங்கியது ஒரு நாள் அல்லது அதிலும் குறைவு என்று அவர் நினைக்கிறார். அவர் கொண்டுவந்த உணவு கெடவில்லை. அவருடைய கழுதையோ எலும்பாகிக் கிடக்கிறது. நம் ஆய்வாளர்கள் இந்த வரலாற்றை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நல்லது. ஒரே இடம், ஒரே நூறு ஆண்டுகள். உணவுக்கு ஒரு காலம், கழுதைக்கு ஒரு காலம், அந்த மனிதருக்கு வேறொரு காலம். குகைத்தோழர்கள் கண்விழித்தபோதும் அவ்வாறே எண்ணினார்கள். அவர்கள் கையிலிருந்த நாணயம் வேறொரு காலத்துக்கு உரியதாக இருந்தது.

நம் சட்ட மரபும் சிந்திக்கத்தக்கது. ஸகாத்துக்குப் பொருள் ஒரு முழு ஆண்டு கையில் இருக்க வேண்டும். கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். இவற்றில் எண் தெளிவாக இருக்கிறது. ஆனால் நோன்பு பிடிக்க இயலாத முதியவருக்கான சலுகையில் வயது குறிக்கப்படவில்லை. எழுபதிலும் நோற்கக்கூடியவர் நோற்பார். அறுபதிலேயே தள்ளாதவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பார். பொருளிலும் பிறர் உரிமையிலும் எண், ஒருவரின் உடல் பற்றிய விடயத்தில் அந்த மனிதரின் நிலை என்று இரண்டும் பிரிந்து நிற்கின்றன. இந்தப் பிரிப்பை நமது நவீன நிர்வாகம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அயலிலுள்ள இந்துக்களிடையே எண்பதைக் கடந்தவரை ஆயிரம் பிறை கண்டவர் என்று கொண்டாடும் வழக்கம் உண்டு. ஆயிரம் பிறை என்பது ஆங்கிலக் கணக்கில் ஏறக்குறைய எண்பது ஆண்டும் பத்து மாதமும். லைலத்துல் கத்ர் இரவை ஆயிரம் மாதங்களினும் மேலானது என்று நாம் நம்புகிறோம். அந்த ஆயிரம் மாதங்களும் அதே அளவுதான். ஒரு முழு ஆயுள். ஓர் இரவு ஓர் ஆயுளை விஞ்சும் என்று நம்புகிறவர்கள், எல்லா நாட்களும் ஒரே எடையுடையவை என்ற கணக்கை மனிதர் மீது முழுதாகச் சுமத்தக் கூடாது.

நன்மையில் மட்டுமன்றிக் கொடுமையிலும் நாட்கள் ஒரே எடையில் இருப்பதில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, ஏறக்குறைய 75,000 பேரை, சில நாட்களுக்குள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்றும் ஹிஜ்ராபுரமும், கிளிநொச்சியின் நாச்சிக்குடாவும் வெறுமையாயின. பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அப்போது நாற்பது வயதிலிருந்தவர் இன்று எழுபதுகளின் நடுப்பகுதியில் இருக்கிறார். உழைக்கும் வயது முழுவதையும் அவர் கிடுகுக் கொட்டிலிலும் பிறர் காணியிலும் கூலி வேலையிலும் கழித்தார். அவருடைய முதுகும் முழங்காலும் இன்று இருக்கும் நிலையைப் பார்த்து "எழுபத்தைந்து வயதென்றால் அப்படித்தான்" என்கிறோம். ஒருபோதும் ஊர் பெயராத எழுபத்தைந்து வயதுக்காரரின் பக்கத்தில் அவரை நிறுத்திப் பார்த்தால், இதில் எவ்வளவு வயது, எவ்வளவு வரலாறு என்பது விளங்கும்.

போர் முடிந்த பின்னர் அரசும் உதவி நிறுவனங்களும் இடம்பெயர்ந்தோரை இரண்டாகப் பிரித்தன. 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் 'பழையோர்', பின் இடம்பெயர்ந்தோர் 'புதியோர்'. 2009இல் வன்னித் தமிழ் மக்கள் பட்ட துன்பம் அளவிடற்கரியது; அவர்களுக்கு உதவி விரைந்திருக்க வேண்டியது நியாயமே. ஆனால் 'பழைய' என்ற சொல் இருபது ஆண்டு காத்திருப்பை ஒரு பழகிப்போன நிலைமையாக மாற்றிவிட்டது. நெடுநாள் பட்ட துன்பம் நெடுநாள் பட்டதனாலேயே அவசரமற்றதாயிற்று.

இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடும் நம் நாட்டில் உண்டு. ஒரு காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டு வருபவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். ஊரைவிட்டு விரட்டப்பட்டவர் வழக்குத் தொடரக்கூட வர முடியாதிருந்தபோது இந்தப் பத்து ஆண்டைக் கணக்கிடுவது அநியாயம். ஆகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கூறியது. இருபத்தாறு ஆண்டுகள் காலமாகக் கொள்ளப்படாது என்று ஒரு பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. காலம் எல்லோர் மீதும் ஒரே மாதிரி ஓடவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் இது. காணியின் விடயத்தில் கடிகாரத்தை நிறுத்த முடிந்தது. உடலின் விடயத்தில் எவராலும் நிறுத்த முடியாது. அப்படியாயின், அந்த உடல்களுக்கு நாம் என்ன ஈடு செய்கிறோம் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. காணிக்குக் காட்டிய நியாயத்தின் ஒரு பங்கையாவது, ஓய்வூதியமோ சேமலாப நிதியோ சேர்க்க முடியாமற்போன அந்த ஆண்டுகளுக்கும் காட்டுவது பற்றி யாரும் பேசுவதில்லை.

மீள்குடியேற்றத்தின் பின்னர் பல குடும்பங்கள் இரண்டாகி நிற்கின்றன. மூத்தவர்கள் முல்லைத்தீவுக்கு வந்து காடு வெட்டிக் குடிசை போடுகிறார்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கேயே தொழில், பாடசாலை என்று இருக்கிறார்கள். வாப்பா பழைய காலத்திலேயே வாழ்கிறார் என்பது பிள்ளைகளின் முறைப்பாடு. இப்னு கல்தூன் ஒரு தலைமுறைக்கு நாற்பது ஆண்டு என்று கணக்கிட்டார். இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்த நாற்பது ஆண்டுகளையும், பழைய வாழ்வை அறியாத புதிய தலைமுறை ஒன்று எழுவதற்கான காலமாகவே அவர் விளக்கினார். அந்த அளவுகோலின்படி நம் வெளியேற்றத்தின் தலைமுறை முடியும் தறுவாயில் இருக்கிறது. இளையோரில் குற்றமில்லை, அவர்களுக்கு ஊர் என்பது கேள்விப்பட்ட ஒன்று. ஆனால் மூத்தவர் பழையதைப் பேசுவதை நோயாகக் கொள்வது தவறு. முதியோர் கடந்ததைத் திரும்பத் திரும்ப நினைப்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்று மேற்கிலும் ஒரு காலத்தில் கருதினார்கள். வாழ்வைத் திரும்பிப் பார்த்து ஒழுங்குபடுத்துவது முதுமையின் இயல்பான பணி என்று 1963இல் எழுதியவர் ரொபர்ட் பட்லர் என்ற அமெரிக்க வைத்தியர். வன்னியில் அந்தப் பணிக்கு இன்னொரு பயனும் இருந்தது. காடாகிப் போன காணிகளில் எந்தக் கிணறு யாருடையது, எந்தப் பனை எல்லை, மையவாடி எங்கே தொடங்கியது என்று சொல்ல இந்த மூத்தவர்களைத் தவிர வேறு ஆவணம் பலரிடம் இருக்கவில்லை. பழைய காலத்திலேயே வாழ்ந்தவர்கள் சொன்ன அடையாளத்தில்தான் புதிய வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டப்பட்டது.

பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசும்போது குர்ஆன் வயதெல்லை எதையும் குறிக்கவில்லை. சூரா பனீ இஸ்ராயீலில், அவர்களில் ஒருவரோ இருவருமோ உன்னிடத்தில் முதுமையை அடைந்தால் என்றே அந்தக் கட்டளை தொடங்குகிறது. 'உன்னிடத்தில்' என்ற அந்தச் சொல் கவனிக்கத்தக்கது. முதுமை ஒருவருக்குள் மட்டும் நிகழ்வதன்று. இன்னொருவரின் அருகில் நிகழ்வது. தொடர்ந்து வரும் பிரார்த்தனை, சிறுவயதில் அவர்கள் நம்மை வளர்த்ததை நினைவூட்டுகிறது. அவர்களுடைய முதுமையும் நம்முடைய குழந்தைப் பருவமும் ஒரே கணக்கில் சேர்கின்றன.

எனவே கொடுப்பனவுக்கும் ஓய்வூதியத்துக்கும் அடையாள அட்டைக்கும் "வயது என்ன?" என்று கேட்போம், அதில் எவருக்கும் ஓரவஞ்சனை வராதிருக்க எண் காவல் நிற்கட்டும். ஆனால் ஒருவர் ஏன் இப்படித் தளர்ந்தார், எதை மறந்தார், எதை மறக்க மறுக்கிறார் என்று அறிய விரும்பும் ஆய்வாளரும், வைத்தியரும், மகனும், மகளும் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். எந்தக் காலத்தைக் கடந்து வந்தீர்கள்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் நம் ஊர்களில் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். கேட்பதற்கு நமக்கு இருக்கும் அவகாசமும் அவர்களுடைய ஆயுளின் அளவுதான்.